கேன்சல் ஆன கப்பல்

அத்தையை ஊருக்குக் கப்பலேற்றப் போன அன்றுதான் ‘கேன்சல்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். அத்தை அப்பாவின் தங்கை. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். நாகப்பட்டினத்துப் பக்கம் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

அப்பாவே கூடப் போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. இரண்டு ரிக்‌ஷாவில் துறைமுகம் போனோம். ஒன்றில் அம்மாவும் அத்தையும், அத்தையின் மடியில் நானும். இன்னொன்றில் அப்பா, தகரப்பெட்டி, பயணத்துக்குச் சுட்ட முறுக்கு டின்.

துறைமுகத்தில் கூட்டம் நெரிந்தது. கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார்.

“எஞ்சின் கோளாறு! இன்னிக்குக் கப்பல் போகாது! கேன்சல், கேன்சல்!”

“கேன்சல்னா என்னப்பா?”

“ரத்து” என்றார் அப்பா எரிச்சலோடு. அது இன்னும் கடினமாக இருந்தது.

“போறதா இருந்தது போகலைன்னு அர்த்தம்டி” என்றாள் அம்மா.

பெட்டியோடு திரும்பிய எங்களைப் பார்த்து, ரிக்‌ஷா இழுத்து வந்த சீனர், “பாத்தால்-லா?” என்று மலாயில் கேட்டார். அதற்கும் அதே அர்த்தம்தானாம். ஒரே காரியத்துக்கு எத்தனை வார்த்தைகள்! எனக்குப் பிடித்தது கேன்சல்தான். வாயில் மிட்டாய் மாதிரி உருண்டது.

பிடித்துப்போக நல்ல காரணமும் இருந்தது. கப்பலில் போகவேண்டிய முறுக்கு என் கைக்கு வந்தது. பல நாளாக முகம் கொடுத்துப் பேசாத அத்தை, அன்று சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அதன்பின் வீட்டில் எல்லாமே கேன்சல் ஆனது. மழை வந்து அம்மா கொடியிலிருந்து துணியை எடுத்தால், “துணி கேன்சல்!” அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது, “விளக்கெண்ணெய் கேன்சல்!” என்று கத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்தேன். அம்மா விடவில்லை. காலைப் பிடித்து இழுத்து, மூக்கை மூடி ஊற்றியே விட்டாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் அத்தையும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா பரிமாறினாள்.

“வேற கப்பல் வந்திருக்கு. வர்ற வாரம் கெளம்பணும்” என்றார் அப்பா.

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்: “அண்ணே, கல்யாணம் கேன்சல்.”

நான் கைதட்டிச் சிரித்தேன். அத்தையும் என் விளையாட்டில் சேர்ந்துகொண்டாள் என்று எனக்கு ஒரே குதூகலம். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“என்ன பேச்சு இது? வாக்குக் குடுத்தாச்சு.”

“நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கல அண்ணே.”

அப்பாவின் முகம் சிவந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தவர், நான் இன்னும் கைதட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அப்படியே அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா எப்போதும் அப்பாவுக்குத்தான் முதலில் ரசம் ஊற்றுவாள். அன்று அத்தைக்கு ஊற்றினாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

அந்தக் கப்பலும் அத்தையில்லாமல்தான் போனது. அப்பா வெகுகாலம் அவளோடு பேசவில்லை. அத்தை வீட்டிலேயே பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். சில வருஷம் கழித்து, பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் வேலையிலிருந்த ஒருவரை, பார்த்துப் பேசிப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். முன்னே நின்று நடத்தியவர் அப்பாதான். நாகப்பட்டினத்து மாப்பிள்ளைக்கு அத்தையைவிட மூத்த மகள் இருந்தாள் என்பது நான் வளர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்து போனதும், அத்தை இடது கையால் என் கையைப் பற்றிக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது.

“குளிருதா அத்தை?” என்று கேட்டேன்.

“ஆமாண்டி கண்ணு” என்றாள்.

நான் ஓடிப்போய், அவளுக்குப் போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டேன்.