செங்கமாரி மாறிய பிறகு

என் கணவரின் கண்கள் மஞ்சளானபோது எங்கள் ஊரான கண்டாவளையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. செங்கமாரிதான், மஞ்சள் காமாலைதான் என்றார்கள். அவருடைய தமக்கை, எனக்கு மச்சாள், கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தார். எண்ணெய் இல்லை, மீன் இல்லை, பத்தியம். வலி இல்லாததால் பயமும் இல்லை. ஆனால் மனிதர் ஓயாமல் உடம்பைச் சொறிந்தார். மலம் வெளிறிப் போனது. கட்டிய சாரம் இடுப்பில் நிற்கவில்லை. அதன் பிறகுதான் வவுனியா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கணையக் குழாயில் புற்றுநோய்க் கட்டி, அது பக்கத்திலுள்ள பித்தக் குழாயை நெரிப்பதால்தான் மஞ்சள் என்று அங்கே டொக்டர் விளக்கினார். முதலில் சின்னக் குழாய் ஒன்றை உள்ளே வைத்துப் பித்தத்தை வடியவிடுவார்களாம். பிறகு கட்டியை வெட்டி எடுக்க வேண்டும்.

"இப்ப வெட்டலாம். பெரிய இரத்தக் குழாயில கட்டி பிடிச்சிட்டா கஷ்டம். சுணங்காதேங்கோ," என்றார்.

குழாய் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு கண் வெளுத்தது, சொறிச்சலும் நின்றது. அதுவே எங்களுக்கு வினையாகிவிட்டது.

"பாத்தியே, கீழ்க்காய்நெல்லி வேலை செய்திட்டுது," என்றார் மச்சாள்.

"செங்கமாரி மாறிட்டுது. பிறகென்னத்துக்கு ஒப்பரேசன்? வயலில நெல்லு விளைஞ்சு நிக்குது, அருவி வெட்டு முடியட்டும், பாப்பம்," என்றார் இவர்.

எனக்குக் கொதித்தது.

"இஞ்சாருங்கோ, நெல்லை வெட்ட மெசின் வயலுக்கு வரும். உங்களை வெட்ட டொக்டர் இஞ்ச வரமாட்டார். பித்தம்தான் வடியுது, கட்டி அங்கையேதான் கிடக்கு!"

அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கெஞ்சினேன், ஏசினேன், சாப்பாடு கொடுக்காமலும் பார்த்தேன். ஒப்பரேசனுக்குக் குறித்த நாள் வந்து போனது. அன்று முழுக்க அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அறுவடை முடிவதற்குள் முதுகில் வலி தொடங்கியது. இம்முறை நான் சொல்லாமலே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கொழும்பில் மறுபடி ஸ்கான் எடுத்தார்கள்.

"இரத்தக் குழாயில பிடிச்சிட்டுது. இப்ப வெட்ட ஏலாது. முதல்ல கீமோ மருந்து ஏத்துவம். சுருங்கினா வெட்டலாம். சுருங்கும் எண்டு உறுதியாச் சொல்ல ஏலாது," என்றார் டொக்டர்.

இவர் கதிரையை விட்டு எழுந்தார். சேர்ட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"அண்டைக்குப் பயத்திலதான் ஒப்பரேசனுக்கு மாட்டன் எண்டனான் ஐயா. இப்பவே வெட்டுங்கோ," என்றார்.