இரண்டு பேர் ஏறிய பிறகு அளந்தது

அப்பா தராசு பழுது பார்ப்பவர். முப்பத்தொரு வருடம் அதே தொழில். அதில் இருபத்தாறு வருடம் அதே மோட்டார் சைக்கிள். மளிகைக் கடை, தானியக் கிடங்கு, குழந்தைகளை எடை போடும் மருத்துவமனை அறை, எங்கே முள் தப்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தராசுக்காரர் என்றால் தெருத்தெருவாகத் தெரியும். "அவர் வாசல்ல வண்டிய நிறுத்தினாலே எங்க கட்டை விரல் தானா தட்டை விட்டு இறங்கிடும்" என்று துக்கம் கேட்க வந்த கடைக்காரர் ஒருவரே சொன்னார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. வண்டி பழசு என்பதால் வருடம் ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த முறை நான் போனேன். ஆய்வாளர் ஒரே குறை எழுதினார்: பின் மட்கார்டின் நுனியில் சேறு தெறிக்காமல் தொங்கும் ரப்பர் இல்லை. எப்போது அறுந்து விழுந்ததோ தெரியவில்லை. மறு ஆய்வு வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். "விட்டுத் தள்ளுக்கா. பழைய இரும்புக்குப் போட்டுடலாம். எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்."

இதைத் தவிர வேறு எந்த வண்டியிலும் அம்மா பின்னால் உட்கார்ந்ததில்லை. அப்பா போனதிலிருந்து தெருமுனை தாண்டியதும் இல்லை. என் பக்கம் திரும்பி, "உன்னால முடியுமாடி?" என்று கேட்டாள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பம்பு வடிவமைக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக வேலை. ஒரு ரப்பர் துண்டு, இரண்டு போல்ட். "அரை மணி நேரம்மா" என்றேன்.

புதன்கிழமை காலை வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். இந்த மாடலுக்கு இப்போது ரப்பர் வருவதில்லை. லாரிக்கான ரப்பரை வாங்கி அளவுக்கு வெட்டினேன். டயரிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் துளை போட்டு, வாஷர் வைத்து முறுக்கினேன். இருபத்தெட்டு நிமிடம். அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் பள்ளத்திலேயே கிழிகிற சத்தம். டயர் ரப்பரைக் கவ்வி மட்கார்டுக்குள் இழுத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலில் மாமா. "என்ன இன்ஜினியரம்மா, பம்புல சக்கரம் கிடையாதோ?"

அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "ஸ்டாண்டுல வச்சா அளந்தே?"

"ஆமா."

"அவர் அப்படி அளக்க மாட்டாரே. என்னை ஏத்தி, தானும் ஏறி உட்கார்ந்துட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் குனிஞ்சு அளக்கச் சொல்வார். கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி ரெண்டு பேரும் அசையாம இருக்கணும். நான் மூச்சு விட்டாக்கூட, முள் ஆடுதும்பார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்குகிறது. ஆள் ஏறினால் ஷாக் அப்சார்பர் அமுங்கி மட்கார்டு டயரை நோக்கி இறங்கும். சுமை இல்லாமல் எடுத்த அளவை நம்பாதே என்று வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நானே சொல்வதுண்டு.

வியாழக்கிழமை இன்னொரு துண்டு வெட்டி, முன்னதைவிடப் பின்னால் தள்ளிக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டினேன். அடுத்த கணக்கு எடை. நான் ஐம்பத்து மூன்று கிலோ. அப்பா எழுபத்தொன்று. மருத்துவமனை அட்டையில் எழுபத்தொன்றரை என்று இருக்கும். எடை பார்த்த அன்றே நர்ஸிடம், "அரை கிலோ கூடக் காட்டுதும்மா, அதை எழுதாதீங்க" என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். அப்பா போன பிறகு, இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன நாளில், அவருடைய எடைக்கல் ஒன்றைக் கொண்டுபோய் அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். நானூற்றைம்பது கிராம் கூடுதல்.

ஆக, பதினெட்டு கிலோ குறைகிறது. அவர் பெட்டியிலிருந்து ஐந்து கிலோ கல் மூன்று, இரண்டு கிலோ ஒன்று, ஒரு கிலோ ஒன்று எடுத்துத் துணிப்பையில் போட்டேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா பின்னால் ஏறினாள். மாமா தொப்பையைப் பிடித்துக்கொண்டு தரையில் முழங்கால் போட்டார்.

"டயருக்கும் ரப்பருக்கும் நடுவுல எவ்வளவு மாமா?"

"ஒரு விரல்."

"மில்லிமீட்டர்ல சொல்லுங்க."

"என் விரல்ல அதெல்லாம் போடலியே." ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "பன்னிரண்டு."

அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "மடியில என்ன?"

"அப்பா எடைக்கு என்கிட்ட குறையுறது."

மாமா ஸ்கேலை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார்.

"வண்டிய யாரு ஓட்டப் போறா?" என்றாள் அம்மா.

"நான்தான்."

"அப்ப உன் எடைக்கு அளடி. அதை இறக்கு."

பொறியியல்படி அவள் சொன்னது தவறு. அதிகச் சுமைக்கு அளப்பதுதான் பாதுகாப்பு. சொல்ல வாயெடுத்தேன். அவள் கை என் தோளில் இருந்தது, பிடிப்புக்காக. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவிடம் நீட்டினேன். அவர் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். வண்டி லேசாக எழுந்தது.

"பதினேழு" என்றார், கேட்காமலே.

அந்த இடத்தில் கோடு போட்டேன். துளை போடும்போது மட்டும், இறக்கிய கற்களுக்கான ஐந்து மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் போட்டேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் ரப்பரை ஷூ நுனியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு முத்திரை போட்டார். வெளியே வந்ததும் அம்மா பின்னால் ஏறினாள். "நிதானமாப் போ. உங்கப்பா தராசைத்தான் நிதானமாப் பார்ப்பார், ரோட்டை இல்ல."

காலையில் பெய்த மழையில் வழியெல்லாம் சேறு. மாமா தன் ஸ்கூட்டரில் எங்களை ஒட்டியே பின்னால் வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் வேலையாகத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"பரவாயில்ல" என்றார்.

அம்மா இன்னும் இறங்கவில்லை.