ஐந்தாவது மாடியின் கண்ணாடிக் குளியலறை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குளியலறையைப் பார்த்துப் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் தோழி ஸ்டெல்லா வீட்டுக் குளியலறை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் டேனியல் மஸ்கட்டிலிருந்து திரும்பியதும், ராஜபாளையத்துக்கு வெளியே கண்மாய்க் கரையில் எழும்பிய புது அடுக்குமாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கிவிட்டார்கள். ஐந்தாவது மாடி. விளம்பரத்தில் 'லேக் வியூ லக்ஸுரி' என்று போட்டிருந்தது. நமக்குக் கண்மாய், அவர்களுக்கு லேக். இருக்கட்டும்.

ஹாலில் நின்றால் தண்ணீர். கட்டிலில் படுத்தால் மலை. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். ஆனால், குளியலறைக் கதவைத் திறந்தால்... ஒரு பக்கம் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அதை ஒட்டி வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்மாயில் கொக்குகள் நிற்கின்றன.

"ஏட்டி, இங்கனயா குளிக்கிறே?" என்றேன்.

"பயப்படாத. ஒன்-வே கிளாஸ். நாம வெளிய பாக்கலாம், வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது. வாங்கும்போதே உச்சி வெயில்ல கீழ கூட்டிட்டுப் போய்க் காமிச்சாங்க. கண்ணாடில வானந்தான் தெரிஞ்சது."

நான் எட்டிக் கீழே பார்த்தேன். நேர் கீழே படித்துறை. நாலைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சட்டென்று பின்வாங்கிவிட்டேன். இதுவும் இந்த வியூவில் சேர்த்திதானா?

சாப்பாட்டு மேஜையில் டேனியல் அண்ணன் படித்துறைப் பேச்சை எடுத்தார்.

"அசோசியேஷன்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கப் போறோம்மா. அந்தப் படித்துறைய வேலி போட்டு அடைச்சிரணும்னு. பால்கனில நின்னா அழுக்குத் துணியும் சோப்பு நுரையுமா இருக்கு. வியூவே கெடுது."

"அவிய எங்க போய்க் குளிப்பாக?"

"அது அவங்க பாடு" என்றபடி மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

டேனியல் அண்ணன் கெட்டவர் அல்ல. பக்கத்து வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் தானே காரை எடுத்துக்கொண்டு ஓடுகிற மனிதர். அவர் வாயிலிருந்து இது வந்ததுதான் எனக்கு அதிர்ச்சி. வியூ என்ற ஒரு சொல் மனிதனை இப்படியா மாற்றும்?

சாயங்காலம் நானும் ஸ்டெல்லாவும் கரையில் நடக்க இறங்கினோம். இருட்டத் தொடங்கியிருந்தது. படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து தினமும் இங்கே வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளாம்.

"நீங்க அஞ்சாவது மாடி யக்காதான?"

"ஆமா, எப்படித் தெரியும்?" என்றாள் ஸ்டெல்லா.

பேச்சியம்மாள் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"தப்பா எடுத்துக்கிடக் கூடாது. உள்ள லைட்டு போட்டா எல்லாம் தெரியுதுக்கா."

"என்ன தெரியுது?"

"நீங்க குளிக்கிறது."

தலையைத் தூக்காமலே சொன்னாள். நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

கறுத்த கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில், சினிமாத் திரை மாதிரி ஒரு வெளிச்சச் சதுரம். அதற்குள் இடுப்பில் துண்டோடு டேனியல் அண்ணன். தலை நிறைய ஷாம்பு நுரை. ஏதோ பாடுகிறார் என்பது கூடத் தெரிந்தது. கை துண்டு முடிச்சை நோக்கிப் போனது...

ஸ்டெல்லா போனை எடுத்தாள். நல்லவேளை, அவர் தன் போனைக் குளியலறைக்குள்ளேயே வைத்திருந்தார்.

"லைட்ட அணைங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, மொதல்ல அணைங்க."

சதுரம் இருண்டது. ஸ்டெல்லா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேறொன்றுமில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் அந்தக் கண்ணாடியில் தெரியும். பகலில் நமக்கு ஊர் தெரியும். இருட்டினால் ஊருக்கு நாம் தெரிவோம். இதை விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"நீங்க குடிவந்ததுல இருந்தேக்கா. நாங்க யாரும் பாக்க மாட்டோம். லைட்டு எரிஞ்சா அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிடுவோம். ஆம்பளையாளுக கரையில வந்தா செத்த நேரம் பேச்சுக் கொடுத்து வேற பக்கம் அனுப்பிருவோம். உங்ககிட்டச் சொல்லலாம்னு வாசல் கேட் வரைக்கும் வந்தோம், உள்ள விடலை. செக்யூரிட்டிகிட்டச் சொல்லலாம்னா... அவரும் வந்து நின்னு பாப்பாரேன்னு விட்டுட்டோம்."

ஸ்டெல்லா பேச்சியம்மாளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே போய்ச் சொன்னதும் டேனியல் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தவர்தான். நான் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அசோசியேஷன் கூட்டம். நடந்ததை ஸ்டெல்லா போனில் சொன்னாள். டேனியல் அண்ணனே எழுந்து எல்லாவற்றையும் சொன்னாராம். எல்லா வீட்டிலும் அதே கண்ணாடி, அதே தொட்டி. நாலாவது மாடிப் பெண் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்புறம் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாராம் — "அப்படின்னா அந்தப் படித்துறைய உடனே அடைக்கணும். நம்மள எட்டிப் பாக்குறாங்க."

"நீ என்ன செஞ்சே?" என்றேன்.

"எந்திரிச்சிட்டேன். 'அவங்க நமக்கு முதுகக் காட்டிட்டுல்லா உக்காந்துருந்தாங்க. நாமதான் சார் பால்கனில சேர் போட்டுப் பாத்தோம்'னேன்."

டேனியல் அண்ணன் மனுவில் தன் கையெழுத்தை அடித்தார். நாலாவது மாடிக்காரர் அடித்தார். இன்னும் சிலர் அடித்தார்கள். எல்லாரும் அல்ல. செயலாளர் இன்னும் விடவில்லையாம். மனு இப்போதைக்கு நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணாடிகளுக்கெல்லாம் கெட்டியான திரை வந்துவிட்டது. லேக் வியூ குளியலறையில் இப்போது பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுத்தான் குளிக்கிறார்கள்.