காப்பு கட்டிய கையில் கையுறை

எலிக்குப் புற்றுநோய் வரவைப்பதுதான் என் தொழில் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னேன். பதுளையில் ஓர் ஆய்வுகூடம். எலியின் முதுகை மழித்து, புற்று வரவைக்கும் மருந்தைத் தடவுவேன். பாதி எலிகளுக்குத் தேயிலைச் சாறு கொடுத்து, கட்டி குறைகிறதா என்று கூடத்துக்குப் பொறுப்பான மேடம் ஆராய்வார். அந்த மருந்து என் மேல் பட்டுவிடுமோ என்ற பயம், ஆபத்தான சாமானைத் தொட்டுப் பிழைப்பவர்களுக்குப் புரியும்.

இரண்டு சோடி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்றின் மேல் ஒன்றாக மாட்ட எனக்கு இரண்டு சோடி கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் தருகிறார்கள் என்று நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் பெருமையடித்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வம் அண்ணன் தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்பவர். தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எலிக்குத் தடவுறதுக்கே இம்புட்டுன்னா, நாங்க இத்தன வருசமா எதைடா அடிக்கிறோம்?"

தெமோதரை பஸ்

திங்கட்கிழமைதோறும் எலிகளைத் தடவி, கட்டி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், வீடு திரும்பும் தெமோதரை பஸ்ஸில் என் கழுத்தையும் தடவுவேன். ஏதாவது தட்டுப்பட்டால் திரும்பத் திரும்ப அங்கேயே அழுத்திப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த கடைக்கார முஸ்லிம் நானா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கழுத்துப் பிடிச்சிருக்கா தம்பி? நம்ம கடைக்கு வாங்க, நல்ல தைலம் இருக்கு."

மஞ்சள் துண்டு

மனைவிக்கு இது ஆறாம் மாதம். சுகப்பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டு, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினேன். தேர் முடியும்வரை கழற்றக் கூடாது. ஆய்வுகூடத்திலோ கையில் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினேன். சாமி கயிற்றை யார் கழற்றுவார்கள்? அதன் மேலேயே கையுறையை மாட்டினேன்.

வேலை முடிந்து கழற்றும்போதுதான் பார்த்தேன். காப்பில் கட்டியிருந்த மஞ்சள் கிழங்கின் முனை இரண்டு உறையையும் கிழித்திருந்தது. கயிறு ஈரமாக இருந்தது. வியர்வையா, மருந்தா? மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேடம் கத்தரிக்கோலை நீட்டினார்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். முதல்ல அதை வெட்டுங்க, கையைக் கழுவுங்க."

வாசலில்

சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் மணிக்கட்டு சிவந்துவிட்டது. அப்படியும் வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. வாசலிலேயே நின்று, நடந்ததை மனைவியிடம் சொன்னேன். காப்பை வெட்டிவிட்டேனே, அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காப்பு கெடக்கட்டும். மருந்து உங்க மேல பட்டுச்சா, படலையா?"

அறுபது எலிகளில் எதற்கு, என்றைக்கு, எத்தனை துளி பட்டது என்று கேட்டால் குறித்துவைக்கும் கொப்பியைப் பார்த்து உடனே சொல்லிவிடுவேன். என் மேல் பட்டதா என்று கேட்டால்தான் தெரியாது.