கார் ஐந்தரை அடி, ஷெட் எட்டடி

கார் ஷெட்டுக்குக் கதவு விற்கிறவனுக்கு முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துவிடும்: ஷெட் கட்டுகிறவர் யாரும் அதைக் காருக்காக மட்டும் கட்டுவதில்லை.

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஓர் இரும்புக் கடையில் இருந்தேன். இரண்டு வருஷம் ஆணி நிறுத்துக் கொடுத்த பிறகு முதலாளி என்னை வெளியூர் வேலைக்கு எடுத்தார். ஷெட்டை அளப்பது, ஷட்டர் விற்பது, அதற்கு வேண்டிய ஸ்பிரிங், சங்கிலி, பூட்டு, உள்ளே சாமான் அடுக்க இரும்பு ராக் என்று கூடவே தலையில் கட்டுவது, பிறகு அதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது. இதில் கடைசி வேலைதான் கஷ்டம். விற்றவனே திரும்பப் போய் வாசலில் நிற்க வேண்டிய உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தராசுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றவனுக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதே ஒரு பதவி உயர்வு. அதை விட மனமில்லை. முதலாளியோ ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "ஆறு மாசம் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு புகார் வந்தாலும் பழையபடி ஆணித் தராசுதான்."

பட்டன் கதவு

கல்பாத்தியில் பாங்கு உத்தியோகஸ்தர் ஒருவர் தன் வீட்டை ஒட்டியிருந்த காலி மனையில் ஷெட் கட்டினார். அப்போதைக்கு ஸ்கூட்டருக்கு, பின்னால் வாங்கப்போகும் காருக்கு. அவர் தம்பி அமெரிக்காவில் இருந்தார். அங்கே காருக்குள் உட்கார்ந்தபடியே பட்டனை அமுக்கினால் ஷெட் கதவு தானாகத் திறக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டி, "அது மாதிரி ஒண்ணு உங்க கடையில உண்டோ?" என்று கேட்டார். பட்டன் கிடையாது, ஸ்பிரிங் உண்டு, முழங்கால் உயரம் தூக்கினால் மீதியை அதுவே தூக்கிக்கொள்ளும் என்றேன். கரண்ட் போனாலும் திறக்கும் என்று சேர்த்துச் சொன்னதும் சம்மதித்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அவர் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுப்பவர். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள். ஷட்டர் மேலே ஏறும் சத்தம் தெருவின் இரண்டு சாரியையும் எழுப்பிக்கொண்டிருந்தது. ஷட்டர் ஓடும் பள்ளங்களில் கிரீஸ் தடவினேன், உட்கார்கிற இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டினேன். சத்தம் கால்வாசி குறைந்தது. கடைக்குக் கடிதம் போடுவாரோ என்று நான் தயங்கி நின்றபோது அவர் சொன்னார்: "தம்பிக்கு எழுதிட்டேன், கேட்டியா. அங்க ஒரு பட்டனுக்கு ஒரு கதவுதான் தொறக்கறது. இங்க என் கதவைத் தூக்கினா பன்னண்டு ஆத்துக் கதவு தொறக்கறது."

மூடாத வரைக்கும்

பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஜீப் ஷெட்டுக்கும் எங்கள் ஷட்டர் போயிற்று. முதலாளியின் மச்சான் எஸ்டேட்டுகளுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவர், அவர் பிடித்துத் தந்த ஆர்டர். வெயிலில் காய்கிற தகரத்தையே பார்த்துப் பழகிய நான், மாதக்கணக்கில் துணி காயாத ஊருக்கும் அதே ஷட்டரை, அதே கிரீஸ் பூச்சோடு அனுப்பிவிட்டேன். ஆகஸ்டில் பஸ் மாறி மாறி, குமுளி வழியாக ஏறிப் போய் இறங்கினால், ஷட்டர் முக்கால் உயரத்தில் நிற்கிறது. அடியில் நீளமான ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறது. ஜீப்பின் பானெட் சூட்டில் கம்பளிகள் காய்கின்றன. பின் சக்கரத்தருகே நான்கு ஆடுகள் படுத்திருக்கின்றன.

ஜீப் டிரைவர் சுடலைமுத்து வரிசையாகச் சொன்னார். மூடினால் துருப்பிடித்து, மறுநாள் திறக்க ஆறு ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு மாதமாக மூடவில்லை. மூடாததால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆடுகள் மழைக்கு ஒதுங்கி, அப்படியே குடியேறிவிட்டன. மானேஜரிடம் சொன்னீர்களா என்று மெல்லக் கேட்டேன். சொன்னால் முதலில் ஆடுகளைத்தான் துரத்தச் சொல்வார், அதில் இரண்டு தன்னுடையவை என்றார். துருவைச் சுரண்டி, கெட்டியான கிரீஸ் பூசி, ஒரு டப்பாவை அவரிடமே கொடுத்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டாரே தவிர, கட்டையை எடுக்கவில்லை. என்னை ஜீப்பில் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோது ஆறுதலாகச் சொன்னார்: "கதவு நல்ல கதவுதான் அண்ணாச்சி. மூடாத வரைக்கும் ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

ஷெட்டின் வயசு

பெருமாட்டியில் சின்னச்சாமிக் கவுண்டர் கார் பதிவு செய்துவிட்டு ஏழு வருஷமாகக் காத்திருந்தார். முறை நெருங்கிவிட்டது என்று தகவல் வந்ததும் ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்டார். அவருடைய மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கிட்டானைப் பொள்ளாச்சிக்கு அனுப்பிக் கார் ஓட்டப் பழக்கி, லைசென்சும் எடுத்து வைத்திருந்தார். கார் இல்லாததால், சட்டைப் பையில் லைசென்சோடு கிட்டான் இன்னும் மாட்டு வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயசு, அதிகம் பேசாதவர். கவுண்டரின் தோட்டத்திலேயே ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். வேலை போனால் அந்த வீடும் போய்விடும்.

ஷெட்டின் அகலம் பத்தடியாவது வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் கட்டுமானத்தைப் பார்த்தவர் ஒரு மலையாள ஆசாரி. அவர் அடிக்கணக்கு பேசுகிறவர் அல்ல, கோல் கணக்கு. சுற்றளவைக் கோலால் அளந்து பெருக்கி வகுத்து, பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து வயசில் எதில் விழுகிறது என்று பார்ப்பார். மனிதன் குடியிருக்கிற வீட்டுக்கு உள்ள விதி. காருக்கு வேறு விதி அவர் புத்தகத்தில் இல்லை. என் பத்தடி மரணத்தில் விழுந்தது. எட்டடி யௌவனத்தில் விழுந்தது. எட்டடி போதுமா என்று நான் இழுத்தேன். கவுண்டர் கை காட்டி நிறுத்தினார்: "காருக்கு எளமைதானுங்க வேணும். எட்டடியே இருக்கட்டும்."

முதலில் வந்தது

காரின் அகலம் ஐந்தரை அடி. எட்டடி ஷெட்டில் ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தினால் மறுபக்கம் இறங்கலாம். ஷட்டர் போட்டாயிற்று, பூட்டும் போட்டாயிற்று, கார் மட்டும் வரவில்லை. இரண்டாவது தடவை நான் போனபோது கவுண்டரின் மனைவி ஷெட்டுக்குள் நின்று சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைக்காய் மூட்டைகள், உரம், மருந்து அடிக்கிற பம்பு, எண்ணெய் டின்கள் எல்லாம் தரையில் இறங்கியிருந்தன. தரை ஈரம் மூட்டையில் ஏறுகிறது என்றார்.

எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். ஒன்றரை அடி ஆழத்தில் நான்கு தட்டு ராக், ஒரு பக்கச் சுவர் நீளத்துக்கும் போட்டால் தரை காலியாகிவிடும் என்றேன். எட்டில் ஒன்றரை போக ஆறரை, காருக்கு ஐந்தரை, ஓரடி மிச்சம் என்று மனக்கணக்கும் போட்டேன். மிச்சம் என்று வந்துவிட்டால் கணக்கு சரி என்றே தோன்றுகிறது. அன்றே அளந்து, அடுத்த வாரம் நானே போய்ப் பூட்டினேன். கிட்டான் சட்டங்களைப் பிடித்துக்கொண்டார். கார் வரும்போது இடைஞ்சலாக இருக்குமோ என்று கவுண்டர் கேட்டதற்கு, அந்த அம்மாள் தட்டில் மூட்டையை ஏற்றியபடியே சொன்னார்: "காரு வர்றப்ப வரட்டுங்க. கடலக்கா இப்பவே வந்திருச்சு."

இரண்டு காளைகள்

கார் வந்த அன்று நானும் போயிருந்தேன். பூசணிக்காய் சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கிட்டான் காரை ஷெட்டுக்குள் ஓட்டினார். அழகாக உள்ளே போயிற்று. பிறகு நீளமாக ஹாரன் அடித்தார். சந்தோஷத்தில் அடிக்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் அடித்தார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ராக். எந்தக் கதவும் நான்கு விரலுக்கு மேல் திறக்கவில்லை. பின்னால் எடுத்து வெளியே வந்துதான் இறங்கினார்.

பதிவு செய்து ஏழு வருஷம் ஆன காரை வெளியில் நிறுத்தக் கவுண்டருக்கு மனம் வரவில்லை. ராக்கைக் கழற்ற அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. கிட்டான்தான் வழி கண்டுபிடித்தார். இரவில் வெளியே இறங்கிக்கொண்டு, இரண்டு ஆள் வைத்துக் காரை உள்ளே தள்ளுவது. காலையில் பின் பம்பரில் கயிறு கட்டி, வண்டிக் காளைகளைப் பூட்டி வெளியே இழுப்பது. இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது. பெருமாட்டியில் அதை யாரும் வேடிக்கை பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். காளைகளை அவிழ்த்தபடி கிட்டான் என்னிடம் சொன்னார்: "லைசென்சு எங்கிட்ட இருக்குதுங்க. வண்டிய எடுக்கறது என்னமோ அதுகதான்."

போல்ட்

எனக்கு ஆறு மாதம் முடியப் பதினைந்து நாள் இருந்தது. ஸ்பிரிங் பார்க்கப் போன அன்று கவுண்டர் வாசலில் கார் நின்றது. பக்கத்தில் கவுண்டரும் கிட்டானும் நின்றிருந்தார்கள். முன் கதவிலிருந்து பின் கதவு வரை ஒரே கோடாகக் கீறல், பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. கவுண்டர் சத்தம் போடவில்லை. "மாட்ட ஒழுங்காப் புடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் காரு? சாவியக் குடுத்துட்டுப் போயிரு கிட்டா" என்று மட்டும் சொன்னார். கிட்டான் மடியிலிருந்து சாவியை எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். "மாடு கொஞ்சம் ஒதுங்கிருச்சுங்க" என்றார். வேலியோரம் கிட்டானின் மனைவி நின்றிருந்தார்.

நான் ஷெட்டுக்குள் போனேன். ராக்கின் நடுச் சட்டத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு போல்ட் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. ராக் பூட்டிய அன்று குட்டை போல்ட் தீர்ந்துபோய் நீள போல்ட்டை முடுக்கியிருந்தேன். மிச்சத்தை அறுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் சித்தூர் பஸ் வந்துவிட்டது. இப்போது அதன் நுனியில் காரின் பெயிண்ட் சுருளாக ஒட்டியிருந்தது. காளை எப்படி ஒதுங்கினாலும், அந்த போல்ட் இல்லையென்றால் கார் மொட்டைச் சட்டத்தில் உரசி லேசாகத்தான் தேய்ந்திருக்கும். போல்ட் நுனியில் இருந்த பெயிண்ட்டைக் கையால் துடைத்துவிட்டு வெளியே வந்தால் என் வேலை நிலைத்துவிடும். கையை அது வரை கொண்டுபோனேன். பிறகு கவுண்டரைக் கூப்பிட்டு, போல்ட்டைக் காட்டி, அறுக்காமல் விட்டது நான் என்று சொன்னேன்.

கவுண்டர் பெயிண்ட் சுருளை நகத்தால் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிட்டானிடம் சாவியை மடியில் வைக்கச் சொன்னார். ராக்கை இப்போதே கழற்றிவிடுகிறேன் என்று நான் ஸ்பானரை எடுத்தபோது, உள்ளேயிருந்து அந்த அம்மாள் வந்து, சக்கரம் வைத்தது எதுவோ அது இடம் மாறட்டும், ராக்குக்குச் சக்கரம் இல்லை என்று முடித்துவிட்டார். போல்ட்டை மட்டும் அறுத்தேன். பஸ்ஸுக்குக் கிட்டான் கூடவே நடந்து வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்: "அந்த போல்ட்டக் காலையிலயே பாத்துட்டனுங்க. நானாச் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்னு ஆயிருமுங்க."

கவுண்டரின் ஆர்டர்

அடுத்த வாரம் கவுண்டரே கடைக்கு வந்தார். தராசடியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததை முதலாளியிடம் ஒன்று விடாமல், கோபமில்லாமல் சொன்னார். கார் இப்போது வேப்பமரத்தடியில் படுதா போர்த்தி நிற்கிறது, கிட்டான் தினமும் தானே ஏறி ஓட்டுகிறார், காளைகளுக்கு வேலை குறைந்துவிட்டது என்றார். கடைசியாக, ஷெட் காலியாகக் கிடப்பதால் எதிர்ச் சுவருக்கும் அதே அளவில் ஒரு ராக் வேண்டும் என்றார்.

முதலாளி ஆர்டரை எழுதிக்கொண்டார். கவுண்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வந்தது புகாரா, வியாபாரமா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன், பென்சிலை மேஜையில் தட்டிக்கொண்டேயிருந்தார். பிறகு சொன்னார்: "நீ சொன்னது ஞாயந்தான். ஆனா ஞாயம் பேசற ஆளு கடைக்குள்ள இருக்கோணும், வெளியூருக்குப் போகப்படாது. ஆணித் தராசு காலியாத்தான் இருக்குது."

அந்த ஆறு மாதத்தில் நான் கதவு போட்ட ஷெட்டுகளைப் பற்றி இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன், ஒரு கடலைக்காய்கூட மழையில் நனைந்ததில்லை, நனைந்ததெல்லாம் கார்தான்.