புள்ளியில் தொடங்கிய ஃபோல்டர்

அறைச் சோதனைக்கு வருகிற பொலிஸ்காரர்கள் ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து, யாருடையது என்று சிங்களத்தில் கேட்பார்கள். உடனே பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாத பொருள் அறையில் இருக்கக் கூடாது. யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை வாடகை அறைகளில் இருந்த எங்களுக்கு அதுதான் பழக்கம். முன்பு இருந்தவள் விட்டுப்போன டயறி, யாரோ தந்த கசெற், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, எல்லாவற்றையும் எறிந்தேன். எறிந்த பிறகும் பயந்தேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் மென்பொருள் எழுதும் வேலையில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு, வேலையை உறுதிசெய்து கடிதம் தருவார்கள். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிய வேண்டும்; அந்தக் கடிதம் இல்லாமல் என் பதிவைப் புதுப்பிக்க முடியாது. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்ற கேள்விக்கு என்னிடம் வேறு விடையும் இல்லை.

மூன்று மாதத்தின் கடைசி நாள். நான்கு மணிக்குள் நான் எழுதிய பங்கை அலுவலகத்து மெயின் கணினிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் கணினியைத் துப்புரவாக்கினேன். பெரிய ஃபோல்டர் ஒன்று. அதற்குள் நாங்கள் எழுதும் கோட் ஓரிடத்தில், படங்கள் ஓரிடத்தில், கணினி தானாகச் செய்துவைப்பவை வேறோரிடத்தில். இவ்வளவும் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும், புள்ளியில் தொடங்கும் பெயரோடு, மங்கலாக இன்னொரு ஃபோல்டர் இருந்தது. நான் வைத்ததல்ல. திறந்தால் வாசிக்க முடியாத எழுத்துகள். யாருடையது? ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். மூச்சு இலேசாக வந்தது.

பிறகு அனுப்பினேன். இந்த ஃபோல்டரை எனக்குத் தெரியாது என்றது கணினி. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் அதே பதில். மணி மூன்றரை. அறை, பதிவு, ஜீப், பொலிஸ் நிலையத்தில் உட்காரவைக்கும் வாங்கு, எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் வந்து நின்றன.

பக்கத்து மேசை அண்ணா எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருந்தவர்.

“என்ன தங்கச்சி, பொங்கலுக்கு வீடு கழுவின மாதிரிக் கழுவி வச்சிருக்கிறீர்?”

“ஆரின்ர சாமான் எண்டு தெரியேல்லை அண்ணா. அதுதான்…”

சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்.

“எங்கயிருந்து எடுத்தது, எங்க திருப்பி அனுப்புறது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். அது இல்லாட்டி அங்கால இருக்கிற மெயின் கம்பியூட்டருக்கு உம்மைத் தெரியாது.”

“எல்லாம் போச்சா?”

“நீர் எழுதினது அப்பிடியே கிடக்கு. அழாதையும். கீபோர்ட் நனைஞ்சா அதுக்கும் ஒரு லெட்டர் எழுதோணும்.”

மெயின் கணினியிலிருந்து முழுவதையும் புதிதாக இறக்கினார். நான் மாற்றிய கோப்புகளை மட்டும் அதற்குள் போட்டு அனுப்பினார். நான்குக்கு ஐந்து நிமிடம். திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. அதன் தலையில் என் பெயர், தேதி, நேரம், தொட்ட ஒவ்வொரு வரியும்.

டிலீட் விசையில் விரலை வைத்தேன்.

“இதை அழிக்கலாமா அண்ணா?”

“அழிக்கேலாது. ஏன் அழிக்கிறீர்? இதைப் பாத்துத்தான் மனேஜர் சைன் வைப்பார்.”

வைத்தார். கடிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினேன். அந்தப் பட்டியலை இனி யார் யார் திறந்து பார்ப்பார்கள் என்று எண்ணியபடியே, வெள்ளவத்தை வரும்வரை நின்றுகொண்டு வந்தேன்.