பொன்னுலிங்கத்தின் கிண்டி

பூதப்பாண்டியில் பகவதியம்மாளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாத வாய் இல்லை. சொல்லட்டும். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று அடுத்த வீட்டுக்காரியான எனக்குத் தெரியும்.

அவள் தம்பி பொன்னுலிங்கத்துக்கு மீசை முளைத்த பிறகும் பேச்சு நாலைந்து வார்த்தைதான். கிணற்றடியில் கிண்டி என்கிற மூக்குச் செம்பு நிறைய தண்ணீர் மொண்டு, அதன் மூக்கு வழியே மெல்லிசாக ஊற்றுவான். தீர்ந்ததும் மறுபடி மொள்ளுவான். பொழுதெல்லாம் அதுதான். ஊற்றும்போது உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு தனக்குள் சிரிப்பான். தடுத்தால் சுவரில் தலையை முட்டுவான்.

தாய்தகப்பன் போனபின் வீட்டை நடத்திய தாய்மாமன் அவனை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். நரம்பில் பயம் இருக்கிறது, பயம் அடங்கினால் இதுவும் அடங்கும் என்றார் டாக்டர். வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டிய புட்டியில் கம்பவுண்டர் புரோமைடு மிக்ஸர் கலக்கிக் கொடுத்தார். அடங்கத்தான் செய்தது. கிண்டி ஒரு மூலையில் கிடந்தது. அவன் இன்னொரு மூலையில் எச்சில் வடியக் கிடந்தான். "அக்கா" என்ற சொல்லும் போயிற்று. நல்ல குணம் தெரிகிறது என்று மாமன் ஊரெல்லாம் சொன்னார். சவத்து மருந்து!

1953இல் பகவதிக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பந்தலுக்குள் வருமுன் பெண்ணின் சகோதரன் அவர் காலைக் கழுவ வேண்டும். மாமன் அதைத் தன் மகனுக்கு ஒதுக்கிவிட்டு, பொன்னுலிங்கத்துக்கு இரண்டு வேளை மருந்தை ஒன்றாகக் கொடுத்து அறையில் படுக்கவைக்கத் திட்டம் போட்டார். கேட்டதும் பகவதி புட்டியை எடுத்து அவர் கண்ணெதிரே சாக்கடையில் கவிழ்த்தாள்.

"அவனுக்கு நோவு உண்டுன்னா மருந்து குடுங்கோ மாமா, நானே ஊட்டுகேன். தண்ணி ஊத்துகது யாருக்கு நோவு?"

கல்யாணம் நின்றுபோனால் உன்னை எவன் கட்டுவான் என்றார் அவர். கட்டாவிட்டால் போகட்டும் என்றாள். கல்யாணத்துக்குள் அவன் தெளிந்து, பழையபடி கிணற்றடிக்கு வந்துவிட்டான்.

முகூர்த்த நாளில் மாப்பிள்ளை முத்துநாயகம் மணையில் ஏறி நின்றார். புதுவேட்டி கட்டிய பொன்னுலிங்கம் கிண்டியைச் சாய்த்தான். வலது கால், இடது கால், அழகாகத்தான் கழுவினான். ஆனால் நிறுத்தவில்லை. அண்டாவில் மொண்டு மறுபடி வந்தான். மறுபடியும் வந்தான். நாதஸ்வரக்காரர் வாசிப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். முகூர்த்தம் தவறுகிறது என்று மாமன் பாய்ந்து கிண்டியைப் பிடுங்கினார். பொன்னுலிங்கம் அலறிக்கொண்டு பந்தல்காலில் தலையை முட்டினான்.

சத்தம் கேட்டு பகவதி கல்யாணக்கோலத்தோடு வெளியே வந்துவிட்டாள். தாலி ஏறுமுன் மணப்பெண் வாசலுக்கு வரலாமா என்று பெண்டுகள் வாயில் கைவைத்தார்கள். மாமன் கையிலிருந்து கிண்டியை வாங்கித் தம்பி கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"என் தம்பி முடிச்ச பொறவு உள்ள வாருங்கோ. நிக்க முடியாதுன்னா இப்பமே போயிருங்கோ."

முத்துநாயகம் அவளைப் பார்த்தார். பொன்னுலிங்கத்தின் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு காலை நீட்டினார். அண்டா காலியாகும்வரை நின்றார். முகூர்த்தம் போயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தாலி ஏறியது.

தம்பியும் அவளோடு புருஷன் வீட்டுக்குப் போனான். அங்கே வாசலில் ஒரு மணையும் அண்டாவும் கிண்டியும் வைத்தாள். யார் வந்தாலும் அவன் காலைக் கழுவி முடித்த பிறகுதான் உள்ளே போகலாம். அவசரக்காரர்கள் வரவே வேண்டாம். முதல் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன மாமனோடு நானும் போயிருந்தேன். பொன்னுலிங்கம் கிண்டியோடு காத்து நின்றான். மாமன் ஒதுங்கி உள்ளே நுழையப் பார்த்தார். பகவதி வாசலை மறித்துக்கொண்டு மணையைக் காட்டினாள்.

"வேட்டியத் தூக்கிக்கிடுங்கோ மாமா," என்றாள். "அண்டா இப்பந்தான் நெறஞ்சிருக்கு."